மெக்ரிச்சி: முழுச் சுற்றா, பாலமா, நீரோரமா?

யீஷூன்வாசி
வணக்கம். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறார்கள். செந்தோசா, மரினா பே, தேக்கா எல்லாம் காட்டியாகிவிட்டது. இப்போது அப்பா, "ஏரியைச் சுற்றிக் காடு இருக்குன்னு சொன்னாங்களே, அங்க கூட்டிட்டுப் போ" என்கிறார். யாரோ இங்கே சிங்கப்பூரில் உள்ள மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 67 வயது. சமதரையில் என்னைவிட வேகமாக நடப்பார், படி இறங்கும்போதுதான் வலது முழங்கால் மக்கர் செய்யும். அம்மாவுக்கு நடை பிரச்சினையில்லை, குரங்கு என்றால்தான் பயம். மகன் தொடக்கநிலை 3, மகள் பாலர்பள்ளி. தொங்குபாலத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறார். எங்களிடம் கார் கிடையாது. இணையத்தில் ஆளுக்கொரு தூரம் சொல்கிறார்கள். எந்தப் பாதையில் போகலாம்?

ஓடுகால்
முழுச் சுற்று போங்கள். 11 கிலோமீட்டருக்கு முன்பின் வரும். பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று. காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

நீரோரம்
ஓடுகால் தம்பி, அவர் அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் மாரத்தானுக்கு ஆள் சேர்க்கிறீர்கள்.

யீஷூன்வாசி, முதலில் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பாலம் 250 மீட்டர் நீளம். புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்று இரண்டு மேடுகள், அவற்றை இணைத்துக் கட்டி 2004ல் திறந்தார்கள். மிக உயரமான இடத்தில் காட்டுத் தரை 25 மீட்டர் கீழே இருக்கும். மர உச்சிகளுக்கு நடுவே நடப்பதுபோல இருக்கும், நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாலம் ஒருவழி. ஏறிவிட்டால் மறுமுனைக்குத்தான் போகவேண்டும். மறுமுனையில் பெட்டாலிங் பாதை காத்திருக்கும், அது பலகை நடைபாதையும் படிக்கட்டும். படி, அப்புறம் படி, அப்புறம் இன்னும் கொஞ்சம் படி. உங்கள் அப்பாவின் முழங்கால் எதற்குப் பயப்படுகிறதோ அதேதான். நடுவில் "போதும், திரும்பலாம்" என்று சொல்ல வழியே இல்லை.

தூரம் ஆளுக்கொரு விதமாகத் தெரிவதற்குக் காரணம், ஆளுக்கொரு வாசலிலிருந்து அளக்கிறார்கள். வீனஸ் டிரைவ் பக்கம், அதாவது விண்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து போனால் போய்வர 10க்கு மேல். திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும், பொதுவிடுமுறை வந்தால் தவிர. மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் காட்டுக்குள் ஒரு மணிநேரம் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாராவாரம் உண்டு.

நான் கிலோமீட்டரைப் பார்த்துப் பாதை தேர்ந்தெடுப்பதில்லை. நினைத்த இடத்தில் திரும்பி வரமுடியுமா என்று மட்டும் பார்ப்பேன். வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அது ஒன்றுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஏற்றது தண்ணீரை ஒட்டிப் போகும் பலகை நடைபாதைகள்: செம்பராய், ஜெரிங், புரூனஸ், பெட்டாய். எல்லாமே மரங்களின் பெயர்கள். ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு, எங்கே களைத்தாலும் அங்கேயே திரும்பிக்கொள்ளலாம்.

யீஷூன்வாசி
நன்றி அண்ணே. படிக்கட்டு விஷயத்தை வேறு எங்கேயும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பாலம் இல்லை என்று மனைவியிடம் யார் சொல்வது?

நீரோரம்
ஏன் சொல்லவேண்டும்? ஆளைப் பிரியுங்கள். மனைவியும் மகனும் அப்பர் தாம்சன் நிலையத்தில் இறங்கி விண்ட்சர் வழியாகப் பாலத்துக்குப் போகட்டும். நீங்கள் மற்றவர்களோடு அடுத்த நிலையமான கால்டிகாட்டில் இறங்கி நீர்த்தேக்கப் பூங்காவுக்கு நடந்துவிடுங்கள். யீஷூனிலிருந்து வரும்போது பீஷானில் வட்டப்பாதை ரயிலுக்கு மாறினால் மேரிமவுண்ட், அதற்கடுத்தது கால்டிகாட். காட்டுக்குள் இன்ன இடத்தில் சந்திக்கலாம் என்று மட்டும் பேசிவைக்காதீர்கள். இருவரில் ஒருவர் வழி மாறினால் நாள் முழுக்கத் தொலைபேசியில்தான் போகும். அவரவர் நுழைந்த வாசல் வழியே வெளியே வந்து சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஓடுகால்
சரி, முழங்காலைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். மனைவிக்கும் மகனுக்கும் ஒன்று: பாலத்துக்குப் பக்கத்தில் வனக்காவல் நிலையம் இருக்கிறது, தண்ணீர் நிரப்பவும் கழிவறைக்கும் அதைவிட்டால் இடையில் வேறு வசதி இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துப் போகச் சொல்லுங்கள். நிழலில்தானே நடக்கிறோம் என்று தோன்றும். ஆனால் காட்டுக்குள் காற்று அசையாது, வியர்வை காயாது.

தெம்பு இருந்தால் ஜெலுத்தோங் கோபுரம். ஏழு மாடி உயரம், படியேறித்தான் போகவேண்டும். மேலே நின்றால் நீர்த்தேக்கமும் காடும் மட்டும்தான் தெரியும், வீவக அடுக்குமாடி வீடுகள் தூரத்தில் எங்கோ. பாலத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், கூட்டமும் குறைவு.

இலைச்சருகு
மகன் தொடக்கநிலை 3 என்றால் பாலத்துக்கு முன்பே விண்ட்சரில் நிறைய இருக்கிறது, அவசரப்பட்டு ஓடவேண்டாம். 2017ல் திறந்த பூங்கா அது. துரோங்கோ பாதையில் தரையைவிட உயர்த்திக் கட்டிய ஒரு நடைபாதை உண்டு, மரக்கிளைகளின் மட்டத்தில் போகும். தொங்குபாலம் அளவு உயரமில்லை, வாசலிலிருந்து தூரமுமில்லை. ஹங்குவானா பாதை ஓடையை ஒட்டியது. ஓடையில் சின்ன மீன்களும் தட்டான்களும். என் மாணவர்களை அங்கே கூட்டிப்போனால் அதைத் தாண்டி நகரவே மாட்டார்கள்.

நீரோரப் பாதைக்குப் போகிறவர்களுக்கு: குடுவைத் தாவரம் தேடுங்கள். தண்ணீர் ஓரத்தில் வெயில் படும் இடங்களில் கொடிபோல ஏறியிருக்கும், இலை நுனியில் விரலளவு குடுவை. மண்ணில் சத்து இல்லாததால் பூச்சியைப் பிடித்துச் சத்தை எடுத்துக்கொள்கிறது. தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மக்கரங்கா என்று ஒரு மரம், விரிந்த கையைப் போன்ற பெரிய இலை. அதில் சில வகைகளின் தண்டு உள்ளே பொந்தாக இருக்கும், எறும்புகள் குடியிருக்கும். மரம் எறும்புக்குத் தீனி தருகிறது, எறும்பு இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகிறது.

அம்மாவுக்குப் பறவை பிடிக்குமென்றால் துடுப்புவால் கரிச்சான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதேதான், வாலில் இரண்டு கம்பி தொங்கி நுனியில் துடுப்பு. மற்றப் பறவைகளின் குரலை அப்படியே செய்துகாட்டும். பகலில் மரப்பட்டையில் சாம்பல் நிறத் துணி ஒட்டியதுபோல ஏதாவது தெரிந்தால் கூர்ந்து பாருங்கள், கொலுகோவாக இருக்கும். பறக்கும் லெமூர் என்பார்கள். ஆனால் அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை, தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். சருகுமானைப் பார்த்தால் உங்கள் அதிர்ஷ்டம், முயலைவிட அதிகம் பெரியதாக இராது.

யீஷூன்வாசி
உடும்பு இருக்குமா அக்கா? அப்பா அதைத்தான் முதலில் கேட்டார்.

இலைச்சருகு
இருக்கும், தண்ணீர் ஓரத்திலேயே. நீருடும்பு நன்றாக வளர்ந்தால் ஆள் நீளம் வரும். வழியில் கிடந்தால் நின்று கொள்ளுங்கள், அதுவே நகர்ந்துவிடும். சுற்றி நின்று படம் பிடிக்கிற கூட்டத்தைத்தான் அது சகிக்காது.

சிராங்கூன் சித்தப்பா
ஊர்க்காரர் கேட்டால் வரலாறும் சொல்லுங்கள் தம்பி. அவர் ஏரி என்கிறாரே, அது இயற்கையான ஏரி இல்லை. தான் கிம் செங் (Tan Kim Seng) என்ற சீன வணிகர் 1857ல் ஊருக்குக் குடிநீர் வரவேண்டும் என்று 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். அணை கட்டி முடிக்க 1868 ஆகிவிட்டது, குழாய் வழியாக ஊருக்குள் தண்ணீர் போக அதற்கு மேலும் பல வருடங்கள். எஸ்பிளனேட் பூங்காவில் அவர் பெயரில் நீரூற்று இருக்கிறது, அந்த வழியாகப் போகிறவர்கள் பாதிப்பேருக்கு ஏன் என்று தெரியாது. 1890களில் நகராட்சிப் பொறியாளர் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கினார். அவர் பெயரை வைத்தது 1922ல்தான், அதற்குமுன் தாம்சன் நீர்த்தேக்கம்.

காடு ஏன் மிஞ்சியது என்று கேட்டால், தண்ணீருக்காக. கம்பிர் என்ற பணப்பயிருக்குத் தோட்டம் போட்டு 19ஆம் நூற்றாண்டில் தீவு முழுக்கக் காட்டை அழித்தார்கள். மண் செத்ததும் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி என்று வேலி போட்ட இடத்தில்தான் மரம் மறுபடி எழுந்தது. அதனால் மெக்ரிச்சியில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இரண்டாம் முறை வளர்ந்த காடு. ஆதிக்காடு அங்கங்கே துண்டு துண்டாக இருக்கிறது. காட்டோரங்களில் பால்மரங்கள்கூட (ரப்பர்) நிற்கும், கூர்ந்து பார்த்தால் பட்டையில் வெட்டுத் தழும்பு. என் அப்பா ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், அவர் கூட வந்தால் வேறு மரத்தைப் பார்க்கவே மாட்டார்.

நீர்த்தேக்கத்தை ஒட்டி லிம் போ செங் கல்லறை இருக்கிறது. ஜப்பானியருக்கு எதிராக ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையில் வேலை செய்து, 1944ல் மலாயாவின் பத்து காஜா ஊர்ச் சிறையில் இறந்தவர். 1946 ஜனவரியில் இங்கே கொண்டுவந்து இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பூங்காவிலிருந்து சின்ன நடைதான். உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும்.

புதுவரவு
ஜப்பான்காரர்கள் பேச்சு வந்ததால் கேட்கிறேன். காட்டுக்குள் ஒரு ஷின்டோ கோயில் இருந்ததாமே, படிக்கட்டெல்லாம் இன்னும் இருக்கிறதாம். யாராவது இடத்தைக் குறித்து அனுப்ப முடியுமா? விடுதியிலிருந்து நாலைந்து பேர் போகலாம் என்றிருக்கிறோம்.

ஓடுகால்
சியோனான் ஜிஞ்ஜா. எனக்குத் தெரிந்த ஒருவர்

நெறியாளர்
ஓடுகால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். குறித்த பாதையை விட்டு விலகிச் செல்லும் வழிகளை இந்தத் தளத்தில் பகிர்வதில்லை.

சிராங்கூன் சித்தப்பா
புதுவரவு தம்பி, இருந்தது உண்மை. போர்க்கைதிகளைக் கொண்டு கட்டினார்கள், போர் முடியும்போது ஜப்பானியரே அழித்துவிட்டார்கள். 2002ல் வரலாற்றுத் தளமாக அறிவித்தார்கள். ஆனால் பாதை கிடையாது, இயற்கைக் காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கினாலே குற்றம், 2,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். நீங்கள் வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறவர், உங்களுக்கு அது வெறும் அபராதத்தோடு போகிற விஷயமா என்று யோசியுங்கள். யாராவது யூடியூபில் போய்வந்தேன் என்று போட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பார்வை எண்ணிக்கை வேண்டும், உங்களுக்கு வேலை வேண்டும்.

புதுவரவு
புரிந்தது ஐயா. அப்போ ஞாயிற்றுக்கிழமை அந்த ஜெலுத்தோங் கோபுரத்துக்கே போகிறோம். அதற்குக் காசு உண்டா?

ஓடுகால்
இல்லை. பாலத்துக்கும் கிடையாது.

குரங்குபயம்
அம்மாவுக்குக் குரங்கு பயம் என்றாரே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. போனமுறை என் தோழியின் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. இத்தனை பேர் வரும் இடத்தில் குரங்கைப் பிடித்து அப்புறப்படுத்தினால் என்ன?

இலைச்சருகு
அது பிளாஸ்டிக் பைதானே? அதுதான் விஷயம். பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அந்த நெடுவால் குரங்குகளுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம், வருடக்கணக்கில் ரொட்டி போட்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த கூட்டம் அந்த இடத்துக்கு வரும், அதற்கும் யாராவது ரொட்டி போடுவார்கள். வனவிலங்குச் சட்டத்தை 2020ல் கடுமையாக்கியபின், தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

யீஷூன்வாசி, அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கையில் ஒன்றும் தொங்கக்கூடாது, எல்லாம் முதுகுப்பைக்குள். சாப்பாடு காட்டுக்குள் வெளியே எடுக்கவேண்டாம், பூங்காவில் சேவை நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம். குரங்கு வழியில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல் நடந்துகொண்டே இருக்கவேண்டும். பல்லைக் காட்டுவது அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பதுபோல. ஓடக்கூடாது. மகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் கையில் பிஸ்கட் வேண்டாம்.

குரங்குபயம்
எல்லாம் மனிதர் குற்றம் என்றே சொல்கிறீர்கள். பை பறிபோனவர் தீனி போடவில்லை.

இலைச்சருகு
போடவில்லைதான். முன்னால் போட்டவருக்கான வட்டியை அவர் கட்டினார். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் குரங்கிடம் முறையிட முடியாது.

நீரோரம்
கருங்குரங்கு வகை ஒன்றும் இந்தக் காப்பகத்தில் உண்டு, ராஃபிள்ஸ் பட்டை லங்கூர். சிங்கப்பூர் முழுக்கச் சேர்த்தாலும் நூறுகூட இல்லை. பை பிடுங்காது, மர உச்சியிலேயே இருக்கும். தாம்சன் இயற்கைப் பூங்காப் பக்கம் பார்க்க வாய்ப்பு அதிகம். அதை ஒட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. இப்போது அதே சாலையில் லங்கூர் கடக்க மேலே கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறார்கள்.

ஓடுகால்
கயிற்றுப்பாலம் ஒருபக்கம், கீழே ரயில் சுரங்கம் ஒருபக்கம். குறுக்குத்தீவு ரயில்பாதை இந்தக் காட்டுக்கு அடியில்தானே போகிறது?

சிராங்கூன் சித்தப்பா
ஆமாம். 2013ல் அறிவித்ததிலிருந்து இயற்கை ஆர்வலர்கள் சுற்றிப் போகச் சொல்லிக் கேட்டார்கள், 2019 டிசம்பரில் நேர்வழிதான் என்று முடிவாகிவிட்டது. காப்பகத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 கிலோமீட்டர், 70 மீட்டர் ஆழத்தில். காட்டின் மேல் பணித்தளம் எதுவும் வராது என்றார்கள். சுற்றி வந்தால் செலவும் பயண நேரமும் கூடும் என்பது அரசின் வாதம். நான் சுற்றியே போயிருக்கலாம் என்ற கட்சி. சிலநிமிடத் தாமதத்துக்கு இந்த ஊர் பழகிக்கொள்ளும். ஆனால் அந்த எதிர்ப்பு இல்லையென்றால் சுரங்கம் இவ்வளவு ஆழம் போயிருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

நெறியாளர்
ரயிலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள்.

யீஷூன்வாசி
போய்வந்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன். புதன்கிழமை காலை 7:30க்குக் கால்டிகாட்டில் இறங்கினோம். கூட்டமே இல்லை. செம்பராய்ப் பாதையில் போனோம். மகளுக்குப் பலகை ஓசை பிடித்துப்போய் ஓடினாள், பின்னால் அப்பா. ஒரு பெரிய உடும்பு தண்ணீருக்குள் இறங்கி நீந்தியதை அவர் அரைமணிநேரம் நின்று பார்த்தார். படிகள் சில இடத்தில் இருந்தன, கைப்பிடி இருந்ததால் சமாளித்தார். திரும்பலாம் என்று நான் சொன்னபோது இன்னும் கொஞ்சம் என்றார், அப்புறம் அவரே திரும்பினார். லிம் போ செங் கல்லறையில் எழுதியிருந்ததை என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

குரங்குக் கூட்டம் வாகன நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது, காட்டுக்குள் இல்லை. அம்மா பல்லை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார்.

மனைவியும் மகனும் பாலம் போய்வந்தார்கள். பெட்டாலிங் படிக்கட்டைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுதமுடியாது. மகனுக்குத் துரோங்கோ பாதைதான் பிடித்ததாம், பாலம் "ஆடவே இல்லை" என்று குறை.

நீரோரம்
மகிழ்ச்சி. புதன்கிழமை காலை என்பதே பாதி வெற்றி. சனி, ஞாயிறில் அதே பலகைப் பாதையில் ஓடுகால் போன்றவர்கள் வரிசையாக ஓடி வருவார்கள்.

ஓடுகால்
நாங்கள் "வலதுபக்கம் வருகிறோம்" என்று குரல் கொடுத்துத்தான் ஓடுகிறோம். காதில் பாட்டு வைத்துக்கொண்டு நடுவில் நடக்கிறவர்களை என்ன செய்வது?

நீரோரம்
பலகைப் பாதையில் ஓடாமல் இருப்பது. செம்மண் பாதை அவ்வளவு இருக்கிறதே.

பீஷான் பாட்டி
இவ்வளவு படித்துவிட்டேன், ஒரு கேள்வி. எனக்கு மெக்ரிச்சியே அதிகம். டிசம்பரில் பேரன் வருகிறான். பக்கத்தில் இன்னும் சின்னதாக, நீரும் மரமும் இருக்கிற இடம் உண்டா?

நீரோரம்
லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் அம்மா. காட்டுக்குள் பலகை நடைபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, 900 மீட்டர் இருக்கும். தண்ணீரை ஒட்டியே போகும். அங்கிருந்துதான் காலாங் ஆறு புறப்படுகிறது, உங்கள் பீஷான் பூங்கா வழியாக ஓடுவது அதே ஆறுதான் என்று பேரனிடம் சொல்லுங்கள். முடித்துவிட்டுக் கேசுவரினா சாலைப் பக்கம் போனால் பரோட்டா.

டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, சில நாள் விடாமல் பெய்யும். பெருமழைக்கு மறுநாள் வேண்டாம், மரம் விழுந்து பாதையை மூடியிருப்பார்கள், பலகையும் வழுக்கும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கூரையுள்ள கொட்டகைக்குப் போய்விடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று போடுவார்கள், கிளம்புமுன் பேரனையே பார்க்கச் சொல்லுங்கள்.

பீஷான் பாட்டி
மாலையில் போகலாமா? காலையில் எனக்கு மருந்து நேரம்.

நீரோரம்
போகலாம். 5 மணிக்குள் தொடங்குங்கள், காட்டுப் பாதைகள் 7 மணியோடு சரி. கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள்.